வலி இல்லாத ஊர்ப் பிள்ளைகள்

1

மார்க்கையன்கோட்டையில் இருக்கும் என் சித்தப்பா, நான் இங்கிலாந்தில் வக்கீலாக இருப்பதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சில மாதம் முன்பு போன் போட்டவர் எடுத்த எடுப்பிலேயே, "ஏத்தா, பக்கத்து வயக்காரன் வரப்ப வெட்டி உள்ள தள்ளிட்டான். நீதான் அட்வகேட்டாச்சே, ஒரு வழி சொல்லு" என்றார்.

"சித்தப்பா, நான் அந்த அட்வகேட் இல்ல. பேஷண்ட் அட்வகேட்."

"அது எந்தக் கோர்ட்டு?"

கோர்ட்டும் இல்லை, கச்சேரியும் இல்லை என்று விளக்கினேன். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்க்கு எந்த மருந்தை, எவ்வளவு நாள், எப்படிக் கொடுத்துப் பார்ப்பது என்று ஆராய்ச்சி நடக்கிறது. அதை டாக்டர்களே கூடி முடிவு செய்தால் சரிப்படாது என்று இங்கே ஒரு ஞானம் வந்து, அந்த நோயோடு மல்லுக்கட்டிய தாய் தகப்பனையும் கூட்டத்தில் உட்கார வைக்கிறார்கள். நோயாளி பக்கம் நின்று பேச வேண்டியது எங்கள் வேலை. நான் பல வருடம் பேசிவிட்டேன். இப்போது புதிதாக வருகிறவர்களைப் பழக்கிவிடும் பொறுப்பைத் தந்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, டீயும் பிஸ்கட்டும் உண்டு.

சித்தப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "பீஸ் வாங்காத வக்கீலா? வெளங்கிரும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் விளையாட்டாகச் சொன்னது அடுத்த சில வாரத்திலேயே பலித்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

எங்கள் வீட்டில் பிறந்தநாளைவிடப் பெரிய நாள் ஒன்று உண்டு. தேனிப் பக்கம் சின்னமனூரில் இருந்து மூட்டை கட்டிக்கொண்டு இந்த லீட்ஸ் நகரத்துக்கு வந்து, கொண்டுவந்த புளிகூடத் தீரவில்லை. மகள் யாழினிக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது அவளுக்கு நாலு வயது. இங்கே சிகிச்சை முடிந்த பிள்ளையை வார்டுச் சுவரில் தொங்கும் மணியை அடிக்க வைப்பார்கள். நர்சுகள் கைதட்டுவார்கள். அவள் மணி அடித்த அந்த நாளில் வருடா வருடம் பாயசம் வைப்பேன்.

இந்த வருடமும் வைத்தேன். குடிக்க ஆள்தான் இல்லை. மகள் வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. அடுப்படியில் நின்று நானே குடித்துக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்து செய்தி வந்தது, ஆங்கிலத்தில்தான். தமிழ் அவளுக்கு இப்போது "சாப்டியா", "சரிம்மா" என்ற இரண்டு சொல்லோடு சரி. என் பயிற்சி வகுப்பில் காட்டும் படங்களில் இருந்து அவளுடைய மொட்டைத்தலைப் படத்தை எடுத்துவிட வேண்டுமாம். "நான் உன் பாடப்புத்தகம் இல்லை அம்மா" என்று முடித்திருந்தாள்.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உன்னை மடியில் போட்டுக்கொண்டு எத்தனை ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கியிருக்கிறேன் தெரியுமாடி என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. இங்கே வந்து நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் கத்தாமல் இருப்பது. படத்தை எடுத்துவிட்டு, பாயச மிச்சத்தைக் கொட்டினேன்.

அந்த வாரத்தில்தான் ஹெலன் கடிதம் அனுப்பினார். எங்கள் ஆராய்ச்சிக் குழுவின் தலைவர், நல்ல டாக்டர், கெட்ட மனசும் கிடையாது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி எங்கள் ஆராய்ச்சியில் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. அங்கே வைத்தியம் பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஒருவர் கூட்டத்துக்கு வேண்டும், தேனிப் பக்கத்துத் தாய் ஒருத்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள், நீங்கள்தான் அவளைப் பழக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். தேனி என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கிறுக்குத்தனம்தான்.

3

அவள் பெயர் ஈஸ்வரி. ஊர் கடமலைக்குண்டு. வீட்டுக்காரர் வருசநாட்டில் இருந்து இலவம்பஞ்சும் தேங்காயும் ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறார். ஒரே மகன் பிரவீன், மூன்றாம் வகுப்பு. சிகிச்சை முக்கால்வாசி முடிந்திருந்தது. மதுரைக்குப் போக அதிகாலையில் பஸ் ஏறி, தேனியில் இறங்கி, இன்னொரு பஸ் மாற வேண்டும்.

அவளைக் குழுவில் சேர்ப்பதற்குள் நான் பட்ட பாடு தனிப் புராணம். குடும்பப் பெயர் என்ன என்று இங்குள்ள கம்ப்யூட்டர் கேட்டது. ஈஸ்வரிக்கு ஏது குடும்பப் பெயர்? ஆதாரில் அப்பா பெயரின் முதல் எழுத்து, பேங்கில் புருஷன் பெயர். இரண்டும் ஒரே ஆள்தானா என்று அலுவலகத்தில் ஒரு பெண் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் கூட்டத்துக்கு வருவதற்கான அன்பளிப்பு என்று ஒரு கூப்பன் அனுப்பினார்கள். இங்கிலாந்தில் உள்ள ஒரு பெரிய கடையில் மட்டும் செல்லுமாம். "இத தேனியில எங்கனக்கா மாத்துறது?" என்று ஈஸ்வரி கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன்.

பயிற்சி என்று இவர்கள் கொடுப்பதையும் சொல்ல வேண்டும். உன் பிள்ளையின் கதையைச் சுருக்கமாகச் சொல். யாரையும் குற்றம் சொல்லாதே. கோபப்படாதே. கண் கலங்கலாம், அழுகை கூடாது. கடைசியில் ஒரு கோரிக்கையோடு முடி. புண்ணைக் கழுவித் துடைத்துத் தட்டில் வைத்துக் கொடுப்பது போலத்தான் இது. ஆரம்பத்தில் நான் பேசி முடித்ததும் "இண்டரஸ்டிங்" என்பார்கள். பாராட்டு என்று நினைத்து வீட்டுக்கு வந்து பெருமையடித்துக்கொள்வேன். இந்த ஊரில் அதற்கு "சரி, உட்காரு" என்று அர்த்தம் என்பது புரிய வருடக்கணக்கானது.

ஈஸ்வரிக்கு இதெல்லாம் ஏறவில்லை. வீடியோவில் பேசிப் பார்க்கச் சொன்னால், "அக்கா, பிள்ளை நல்லாருக்கான். டாக்டரு தெய்வம். அம்புட்டுத்தேன்" என்று முடித்துவிடுவாள்.

"அது போதாது ஈஸ்வரி. என்ன கஷ்டப்பட்டன்னு சொல்லணும்."

"கஷ்டத்த ஏங்க்கா வாயால சொல்லணும்? சொன்னா திரும்ப வந்து ஒக்காந்துக்கும்."

4

பழகப் பழகத்தான் வாய் திறந்தாள். அவள் வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் சொன்னதில்லை. பிரவீனுக்கு "ரத்தம் கம்மி" என்றுதான் பேச்சு. அக்கம்பக்கத்துக்காரர்கள் பீட்ரூட்டும் மாதுளையும் கொண்டுவந்து கொடுப்பார்களாம். பிள்ளை அதையும் தின்று, மாத்திரையும் தின்று, வாந்தி எடுப்பானாம். நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இப்படி ஒரு சீக்கு என்று தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்?

பிரவீனுக்கு முடி கொட்ட ஆரம்பித்ததும் குடும்பமே கூடிப் பேசியிருக்கிறது. மறுநாள் வேன் பிடித்துக் குலசாமி கோயிலுக்குப் போய், அவனுக்கு மொட்டை, அவன் அப்பாவுக்கு மொட்டை, சித்தப்பாமாருக்கும் மொட்டை. கிடாய் வெட்டிச் சொந்தக்காரர்களுக்குச் சோறும் போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு மொட்டைத்தலை வீட்டில் திரிந்தால்தானே கேள்வி வரும்? நாலைந்து இருந்தால் நேர்த்திக்கடன். "ஒரு ஈ காக்கா கேக்கலையேக்கா" என்று அவள் சொன்னபோது அந்தச் சாமர்த்தியத்தில் நான் அசந்துபோனேன்.

கூட்டத்துக்கு முதல்நாள் கடைசி ஒத்திகை. பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருந்து பிரவீன் கூப்பிட்டான். "செத்த இருங்கக்கா, அவன ஒண்ணுக்குத் தூக்கிட்டுப் போயிட்டு வந்துர்றேன்" என்று எழுந்து போனாள். திரும்பி வந்ததும் கேட்டேன்.

"தூக்கிக்கிட்டா? நடக்க மாட்டானா?"

அவள் முகம் மாறிவிட்டது. "நடப்பான். காலையில எந்திரிச்சதும் மட்டும் இடுப்புக்கிட்ட புடிச்சுக்கிருதாம். கொஞ்ச நாளாத்தேன்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"ஏன்?"

"சரியாப் போயிரும்னு இருந்தேன். அதோட, அவுக இம்புட்டு பாத்துப் பாத்துச் செய்யிறாக. அவுக மூஞ்சிக்கு நேரா கொறை சொன்னா நல்லாவா இருக்கும்? அவரு கோவிச்சுக்கிட்டா எம்பிள்ளைய நான் எங்கன தூக்கிட்டுப் போவேன், சொல்லுங்க?"

ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு சில பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டில் ரத்த ஓட்டத்தைக் கெடுத்துவிடும். எலும்பு உள்ளுக்குள்ளேயே நொறுங்கும். நேரத்தோடு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மருந்தை மாற்றலாம், காலில் பாரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம். விட்டால் பிள்ளை நொண்டியாகும். மறுநாள் கூட்டமே அந்த ஸ்கேனைப் பற்றித்தான். வலி வந்த பிள்ளைகள் அதிகம் உள்ள ஆஸ்பத்திரிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆராய்ச்சிச் செலவிலேயே ஸ்கேன் எடுப்பது என்று பேச்சு.

"நாளைக்கு இதத்தான் நீ சொல்லணும். இத ஒண்ணு மட்டும் சொல்லு, போதும்" என்றேன்.

"டாக்டரும் அதுல இருப்பாரா?"

"இருப்பார்."

"அப்ப நான் பேசலக்கா" என்று போனை வைத்துவிட்டாள். திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை.

5

ஆனாலும் கூட்டத்துக்கு வந்துவிட்டாள். எங்களுக்குக் காலை, அவளுக்கு மத்தியானம். தேனியில் தங்கச்சி வீட்டில் உட்கார்ந்திருந்தாள். புதுச்சேலை, தலை நிறையப் பூ. பிரவீனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம். திரையின் இன்னொரு கட்டத்தில் மதுரை டாக்டர், பின்சுவரில் சான்றிதழ்களோடு. ஹெலனும் புள்ளிவிவரக் கணக்குப் பார்க்கும் நிபுணரும் நானும் இங்கே மேசையைச் சுற்றி. ஈஸ்வரிக்கு மொழிபெயர்ப்பதும் என் வேலைதான்.

கணக்குக்காரர் திரையில் படம் போட்டார். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்கு வரும்போதும், வலி எவ்வளவு, பூஜ்ஜியத்தில் இருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று பெற்றோரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். மற்ற நாட்டுப் பிள்ளைகளின் கோடுகள் ஏறி இறங்கிக் கிடந்தன. மதுரைக் கோடு மட்டும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. எல்லாம் பூஜ்ஜியம். அதனால் மதுரையில் ஸ்கேன் அவசியமில்லை என்று அவர் முடித்தார்.

"என்ன மன உறுதி!" என்றார் ஹெலன், உண்மையான மரியாதையோடு. "அந்தக் குடும்பங்களிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது."

எனக்குச் சுருக்கென்றது. நாசூக்காக மொழிபெயர்க்க என்னால் முடிந்திருக்கும். அதைத்தானே இத்தனை வருடமாகச் செய்கிறேன்? அன்றைக்கு வாய் வரவில்லை. உள்ளதை அப்படியே போட்டு உடைத்தேன். "ஈஸ்வரி, நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு வலியே இல்லையாம். அதனால ஸ்கேன் வேணாம்னு சொல்றாக."

அவளுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு, "யாருக்கு வலி இல்ல?" என்றாள். "எம்பிள்ளைக்கா?"

சொல்லிக்கொடுத்தது எல்லாம் காற்றில் பறந்தது. சுருக்கமும் இல்லை, பதவிசும் இல்லை. "வெடிய வெடிய தொடையப் புடிச்சுவிட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். நடக்க மாட்டாம இடுப்புல தூக்கிச் சொமக்கிறேன். வலி இல்லைன்னு எந்த மகராசன் சொன்னாரு?"

மதுரை டாக்டர் குறுக்கிட்டார். அவர் குரலில் கோபம் இருந்தது, அதைவிட அதிர்ச்சி இருந்தது. "என்னம்மா பேசுறீங்க? போன தடவை வந்தப்பக்கூட நான் கேட்டேன். நீங்கதானே பூஜ்ஜியம்னு சொன்னீங்க?"

"சொன்னேன்யா. பிள்ளைய மடியில வச்சுக்கிட்டுத்தானய்யா கேட்டீக?"

ஈஸ்வரி திரைக்குக் கிட்டே வந்தாள்.

"அவன் காதுல விழுகுற மாதிரி எம்பிள்ளைக்குப் பத்து வலின்னு எந்த ஆத்தாய்யா சொல்லுவா? இந்தா சரியாப் போச்சு, இந்தா சரியாப் போச்சுன்னு சொல்லிச் சொல்லித்தான அவன ஊசிக்கே கூட்டிட்டு வாரேன்? எல்லாரும் அப்படித்தேன். வரிசையில நிக்கிற அம்புட்டுப் பேரும் நல்லாருக்கான், நல்லாருக்கான்னுதேன் சொல்லுவோம். வெளிய வந்து டீக்கடையில நின்னு எங்களுக்குள்ள அழுவோம். அங்கன வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். என் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரொம்பவும் வலிமையான பேச்சு, பகிர்ந்துகொண்டதற்கு நன்றி" என்றார். அடுத்த விஷயத்துக்குப் போகுமுன் டீ குடிக்கலாம் என்று கலைந்தார்கள்.

ஈஸ்வரியின் கட்டமும் மதுரை டாக்டரின் கட்டமும் மட்டும் அணையாமல் இருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். "திங்கட்கிழமை பையனைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார் மெல்ல. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு டாக்டருக்கு ஒரு ஹால் நிறையப் பிள்ளைகள். தாயைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க அவருக்கு நாற்காலியும் கிடையாது, நேரமும் கிடையாது. இங்கே இருந்து கேள்வியை எழுதி அனுப்பிய நாங்கள், அதைக் கேட்கும்போது பிள்ளை எங்கே இருப்பான் என்று யோசிக்கவே இல்லை. இங்கே பிள்ளைகளை விளையாட்டு அறைக்கு அனுப்பிவிட்டுத்தான் கேட்பார்கள். எல்லா ஊரிலும் விளையாட்டு அறை இருக்கும் என்று இவர்களுக்கு நினைப்பு.

6

திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். வியாழக்கிழமை ஈஸ்வரி பேசினாள். அழுது முடித்த குரல்.

இடது இடுப்பு மூட்டு பாதிக்கு மேல் கெட்டுவிட்டது. வலதிலும் ஆரம்பித்திருக்கிறது. வளர்ந்த பிறகு ஆபரேஷன் செய்யலாம், அதுவரை ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. "முன்னாடியே வந்திருந்தா இம்புட்டுக்குப் போயிருக்காதாம்க்கா. டாக்டரு வையல. வைஞ்சிருந்தாத் தேவல."

டாக்டர் அவளை வெளியே அனுப்பிவிட்டுப் பிரவீனிடம் தனியாகப் பேசினாராம். எவ்வளவு நாளாக வலிக்கிறது என்று கேட்டதற்கு, பொங்கலுக்கு முன்னாடியே என்றிருக்கிறான். அம்மாவிடம் கொஞ்சமாகத்தான் சொல்வானாம். நிறையச் சொன்னால் அம்மா அழும் என்றானாம். உனக்கு என்ன சீக்கு என்று தெரியுமா தம்பி என்றதற்கு, பட்டென்று பெயரைச் சொல்லியிருக்கிறான்.

"யாரு சொன்னாகன்னு கேட்டேங்க்கா. 'ஆஸ்பத்திரி வாசல்ல போர்டுல எழுதிப் போட்டிருக்குல்லம்மா'ன்னு சொல்றான். எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி ஆயிப்போச்சு. படிக்கத் தெரிஞ்ச பிள்ளை. நாங்க ஊரையே கூட்டி மொட்டை போட்டோம். அவன் போர்டப் படிச்சிட்டு வந்து, எங்களுக்காகப் பீட்ரூட்டத் தின்னுக்கிட்டு இருந்திருக்கான்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"அக்கா, அந்தப் பூஜ்ஜியத்த மாத்திட்டாகளா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அன்று காலைதான் ஹெலனிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருடத்தில் முதன்முதலாகக் கத்தினேன். வாங்கிய பதில்களை மாற்ற முடியாதாம், மாற்றினால் ஆராய்ச்சியே செல்லாதாம். விதி அப்படி. இந்த ஆராய்ச்சி முடியும்வரை மதுரைக்குப் பூஜ்ஜியம்தான், மற்ற பிள்ளைகளுக்கு ஸ்கேன் கிடையாது. அடுத்த ஆராய்ச்சியில் தாயைத் தனியாகவும் பிள்ளையைத் தனியாகவும் கேட்பது பற்றிப் பரிசீலிப்பார்களாம். ஈஸ்வரியின் பேச்சு எல்லோரையும் உலுக்கிவிட்டதால், அதை அவள் மறுபடி ஒரு முறை பேசி வீடியோ எடுத்துத் தந்தால், புதிதாக வரும் பெற்றோருக்குக் காட்ட வசதியாக இருக்குமாம். அந்த வீடியோவைக் கேட்டு வாங்கும் வேலையும் எனக்குத்தான்.

"மாத்த மாட்டாக ஈஸ்வரி" என்றேன். வீடியோவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வெறுங்கையோடு போனை வைக்க மனசு வராமல், "நீ பேசுனது வீணாப் போகாது. அடுத்து வர்ற பிள்ளைகளத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பாக. ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தம்பிள்ளை தானே வளரும்னு சொல்லுவாகல்ல?" என்றேன்.

அவள் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அதெல்லாம் பிள்ளை எந்திரிச்சு ஓடுறவுக சொல்றது, அக்கா" என்றாள்.